ஆடிஷன், பாடிஷன்

"ஆடிக் காட்டுறதால ஆடிஷன். அப்போ பாடிக் காட்டினா பாடிஷனா, டீச்சர்?"

தரம் எட்டில் கடைசி வாங்கில் இருப்பவன் கேட்டான். வகுப்பு சிரித்து ஓய நேரம் எடுத்தது. நானும் சிரித்தேன், ஏனென்றால் அவன் பிரித்த விதத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. 'ஆடு' என்ற வினையும் ஏதோ ஒரு விகுதியும். அந்தக் கிழமை முழுக்கப் பிள்ளைகள் வாயில் அதே சொல்தான். கொழும்பிலிருந்து ஒரு தொலைக்காட்சிக்காரர்கள் பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்க எங்கள் மலையகத்து ஹட்டனுக்கு வருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருந்தது. இந்திய அலைவரிசைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது 'ஆடிஷன்'. எங்கள் தலைமுறைக்கு, வெள்ளைக்கார உச்சரிப்பின் மிச்சமாக, 'ஓடிஷன்'. நான் பழக்கத்தை விடப்போவதில்லை.

நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற எனக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறையாவது இந்தச் சொல்லோடு வேலை உண்டு. தமிழ்மொழித் தினப் போட்டி வந்தால் நாடகத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்ய வேண்டும், கலைவிழா வந்தால் இன்னொரு முறை. ஆகவே அவன் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை இருந்தது. சொன்னேன். ஆனால் பாட நேரம் நாற்பது நிமிடம்தான். சொல்லாமல் விட்டதெல்லாம் இங்கே.

முதலில், இந்தச் சொல்லுக்கும் ஆடுவதற்கும் தொடர்பில்லை. பாடுவதற்கும் இல்லை. மேடையில் நிற்பவரைப் பற்றிய சொல்லே அல்ல அது. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது. லத்தீனில் 'ஆடிரே' என்றால் கேட்டல், காதால் கேட்டல். அதிலிருந்து 'ஆடிட்டியோ', கேட்கும் செயல். பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்குக் கேட்கும் புலன், கேட்கும் சக்தி என்ற பொருள் மட்டும்தான். கண்ணுக்குப் பார்வை என்பதுபோல, காதுக்கு இது. அந்த நிலையிலேயே கிட்டத்தட்ட முன்னூறு வருடம் கிடந்தது. 1881 அளவில்தான் நடிகரையோ பாடகரையோ ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பது என்ற பொருளில் அச்சில் கிடைக்கிறது. அதை வினைச்சொல்லாக, 'ஓடிஷன் செய்தாள்' என்று சொல்ல ஆரம்பித்தது அதற்கும் பிறகு, 1930களில்.

எனக்குப் பிடித்தது இதில் ஒரு விஷயம். ஆங்கிலத்தில் இன்றைக்கும் ஒருவருக்கு ஓடிஷன் 'கொடுத்தார்கள்' என்று சொல்கிற வழக்கு இருக்கிறது. கொடுப்பவர் பாடுகிறவர் இல்லை, கேட்கிறவர். தன் காதைக் கொஞ்ச நேரம் கொடுக்கிறார். நாங்கள் அதை அப்படியே தலைகீழாக்கி, பாடுகிறவள் 'ஓடிஷன் கொடுக்கப் போனாள்' என்கிறோம். பரீட்சை எழுதப் போவதுபோல.

பாரிஸில் இருக்கும் என் தோழி ஒருத்தி சொன்னாள், அங்கே தெருவில் நடந்தால் கடைப் பலகைகளில் இதே சொல் பெரிய எழுத்தில் இருக்குமாம். போன புதிதில், இந்த ஊரில் இத்தனை பேர் நடிக்க ஆள் எடுக்கிறார்களா என்று அவள் ஆச்சரியப்பட்டிருக்கிறாள். பார்த்தால் காது மந்தமானவர்களுக்குக் கருவி விற்கும் கடைகள். பிரெஞ்சில் அந்தச் சொல் பழைய வேலையையும் விடவில்லை.

சொல்லின் அக்கா தங்கைகளைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். 'ஓடியன்ஸ்', 'ஓடிட்டோரியம்' என்பவை சொல்லாமலே விளங்கும். 'ஓடிட்' என்பதும் இதே வயிறுதான். கணக்குப் பார்க்கிறவருக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நடுக்கால இங்கிலாந்தில் பண்ணைக் கணக்கை எழுதியவர் அதை வாய்விட்டு வாசிப்பார். காணிக்காரர் பக்கத்து ஆள் உட்கார்ந்து கேட்பார். காதில் இடறுகிற இடத்தில் நிறுத்தச் சொல்வார். அப்படிக் கேட்டவர்தான் 'ஓடிட்டர்'.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து மடுவம், கொழுந்து நிறுக்கும் கொட்டகை, ஞாபகம் வந்தது. அம்மா கொழுந்து எடுத்த காலத்தில் பின்னேர நிறுவைக்கு நான் பாடசாலை விட்டு அங்கேதான் போய் நிற்பேன். தராசில் சாக்கு ஏறும், கணக்கப்பிள்ளை சத்தமாகச் சொல்வார்: "பதினெட்டு, ரெண்டு வெட்டு, பதினாறு." ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழிப்பதுதான் வெட்டு. கொப்பியில் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்க யாருக்கும் இடமில்லை. வரிசையில் நிற்கும் பொம்பளைகள் எல்லாரும் மற்றவளுடைய எண்ணையும் கேட்டு மனதில் வைத்துக்கொள்வார்கள். மாதச் சம்பளத்தன்று கணக்கு இடித்தால், "அன்னைக்கு உனக்கு இருபத்தொண்ணுன்னு சத்தமாத்தான் சொன்னாரு, நான் கேட்டேன்" என்று சாட்சி வரும். லத்தீன் தெரியாத ஓடிட்டர்கள்.

கீழ்ப்படிதலுக்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'ஒபே' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. காதை அந்தப் பக்கம் திருப்பிக் கேட்பது என்பது அதன் உள்கட்டு. வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பிரட்டில் நின்று பெயர் கூப்பிடுவதைக் கேட்ட ஒரு சமூகத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'இன்னைக்கு எந்த மலை' என்பதைக் கேட்டு, அந்த மலைக்குப் போனோம். கேட்டோம் என்பதும் கீழ்ப்படிந்தோம் என்பதும் தமிழிலும் ஒன்றுதானே, "சொன்னாக் கேளு."

சரி, கூத்துக்கு வருவோம். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மாசி மாதம் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டால் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் வந்த சனங்கள் கூடவே கொண்டுவந்த கூத்து. தவத்தில் இருக்கும் சிவன்மேல் தேவர்கள் சொல்லிக் காமன் மலர்க்கணை விடுவதும், சிவன் நெற்றிக்கண்ணால் அவனை எரிப்பதும், ரதி அழுது மன்றாடுவதும், கடைசியில் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவன் எழும்புவதும் கதை. வீரபத்திரன் வருவார், எமன் வருவார், தூதன் ஓலையோடு ஓடித் திரிவார். கடைசி இராத்திரி விடிய விடிய. ரதி வேஷம் ஆம்பிளைதான் கட்டுவார். என் அப்பா பல வருடம் ரதி.

அப்பாவிடம் போன விடுமுறையில் கேட்டேன், உங்களை எப்படி எடுத்தாங்க என்று. ஓடிஷன் என்ற சொல்லை அவரிடம் சொல்லவில்லை. அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே போடுகிறேன். மாஸ்டர் என்பது கூத்துப் பழக்குகிறவர்.

"மாஸ்டர் மூஞ்சியப் பாத்து வேஷம் குடுக்க மாட்டாரு. மொதல்ல தொண்டை. மேல் லயத்து வாசல்ல தேத்தண்ணியோட உக்காந்துக்குவாரு. நாங்க கீழ பீலிக்கரையில நிக்கணும். அங்கேருந்து ஒரு அடி பாடணும். அவருக்குச் சொல்லு வெளங்கினா கைய தூக்குவாரு. வெளங்கலேன்னா தேத்தண்ணியக் குடிச்சிக்கிட்டே இருப்பாரு."

தண்ணி பிடிக்கிற பீலிக்கரைக்கும் மேல் லயத்து வரிசை வீடுகளுக்கும் நடுவில் ஒரு துண்டுத் தேயிலை, ஒரு கான், கோயிலுக்குப் போகும் படிக்கட்டு. காற்று வேறு. மாஸ்டர் சத்தத்தைத் தேடவில்லை என்று அப்பா அழுத்திச் சொன்னார். சத்தம் யாருக்கும் வரும், மலையில் கத்திப் பழகியவர்கள்தானே. தூரம் போகப் போகச் சொல்லின் ஓரம் தேயும். 'க'வும் 'த'வும் கரைந்து வெறும் ஓசையாகும். அந்த ஓரம் தேயாமல் வருகிறவனைத்தான் எடுத்தார். கடைசி இராத்திரி பனி இறங்கி, தப்புத் தோல் விறைத்து, அதை நெருப்பில் காய்ச்சி மறுபடி அடிக்கிற நேரத்தில், நடுச்சாமம் தாண்டி ரதி ஒப்பாரி வைக்கும்போது கடைசி வரிசையில் கம்பளி போர்த்திக்கொண்டு இருக்கும் கிழவிக்கும் சொல் விளங்க வேண்டும். மைக் இல்லாத காலம். கிழவிக்கு விளங்காவிட்டால் அவள் அழமாட்டாள். அவள் அழாவிட்டால் கூத்து சரியில்லை என்று அடுத்த மாசி வரைக்கும் பேச்சு.

அப்பாவுக்கு முதலில் கிடைத்தது தூதன் வேஷம். ரதிக்கு வந்தது பிறகு, அதுவும் தொண்டை மட்டும் போதாது. கம்பம் ஊன்றியதிலிருந்து விரதம், தனிப்படுக்கை, மச்சம் மாமிசம் கிடையாது. அதை இருக்க முடியுமா என்று மாஸ்டர் அப்பாவைக் கேட்கவில்லை. என் அப்பாயியைக் கூப்பிட்டுக் கேட்டாராம். பெற்றவளின் வாய்ச்சொல் எடுபட்டது. இதை என்ன தேர்வு என்பது என்று எனக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை.

ஒலிபெருக்கி வந்த பிறகு இந்தப் பீலிக்கரைப் பரீட்சை நின்றுபோனது. "மைக்கு வந்தோன்ன மூஞ்சி வந்துடுச்சி" என்பது அப்பாவின் விமர்சனம். முணுமுணுத்தாலும் மைக் எடுத்துக்கொள்கிறது. ஆகவே பார்க்கச் செவேலென்று இருக்கும் பையனுக்கு ரதி. அப்பா நல்ல கறுப்பு, ஆகையால் இதில் அவர் சொந்தக் கோபமும் கலந்திருக்கிறது, அதைக் கழித்துத்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் அவர் பிடித்த நூல் சரி. கேட்டுத் தெரிவு செய்த இடத்தில் பார்த்துத் தெரிவு செய்வது வந்தது.

காதுக்கும் பக்கச்சார்பு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டிலேயே பெரிய கதை நடந்தது. 1952இல் இலங்கை வானொலி தன் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் தரம் பிரிக்க இந்தியாவிலிருந்து பண்டிதர் எஸ். என். ரதஞ்சங்கரை வரவழைத்தது. லக்னோ பாத்கண்டே இசைக்கல்லூரியின் அதிபர், வட இந்திய ராக சங்கீதத்தில் பெரிய ஆள். பலர் போய் அவர் முன் பாடித் தரம் வாங்கினார்கள். சுனில் சாந்த மறுத்துவிட்டார். அப்போது சிங்களப் பாட்டில் அவருக்குப் பெரிய பெயர். அவரும் லக்னோவில் அதே கல்லூரியில் படித்தவர்தான், ஆகவே சங்கீதம் தெரியாமல் ஒளித்தார் என்று சொல்ல முடியாது. சிங்களப் பாட்டுக்கு வட இந்திய ராகம் அளவுகோல் ஆகக்கூடாது என்பது அவர் கட்சி. வானொலி அவரை விட்டது, அவர் வானொலியை விட்டார். அதனால் அவருக்கு வந்த கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல.

என் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது ஒருத்தி கேட்டாள், ரதஞ்சங்கர் முன்னால் நம்ம தெம்மாங்கு பாடியிருந்தா என்ன மார்க்ஸ் போட்டிருப்பாரு என்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் காது எதற்குப் பழகியதோ அதைத்தான் கேட்கும். கொழுந்து மலையில் ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவள் வாங்கிப் பாடும் பாட்டுக்குச் சுருதிப்பெட்டி கிடையாது, ஏற்றத்துக்கு ஏற்றபடி மூச்சு வாங்கும் இடம் மாறும். அதைத் தவறு என்று கேட்கிற காதும் இருக்கிறது, அழகு என்று கேட்கிற காதும் இருக்கிறது.

அதே 1952இல் அமெரிக்காவில் பொஸ்டன் சிம்பனி இசைக்குழு வேறொரு வேலை செய்தது. ஆரம்பச் சுற்றில் வாசிப்பவருக்கும் நடுவர்களுக்கும் நடுவில் ஒரு திரையைப் போட்டது. யார் வாசிக்கிறார் என்று தெரியக்கூடாது. மற்றப் பெரிய குழுக்கள் பெரும்பாலும் 1970களிலும் 80களிலும்தான் அதற்கு வந்தன. திரை போட்டும் ஒரு வில்லங்கம்: நடந்து வரும்போது குதி உயர்ந்த சப்பாத்தின் சத்தம் பொம்பளை என்று காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகச் சில இடங்களில் கம்பளம் விரித்தார்கள், சில இடங்களில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். அமெரிக்காவின் முதல் ஐந்து குழுக்களில் 1970இல் பெண்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு, 1997இல் இருபத்தைந்து. இதில் திரைக்கு எவ்வளவு பங்கு என்று கிளோடியா கோல்டினும் சிசிலியா ரவுஸும் 2000இல் ஓர் ஆய்வு எழுதினார்கள். அவர்கள் போட்ட கணக்கு எவ்வளவு உறுதி என்று பின்னால் சிலர் வாதாடினார்கள். கோல்டினுக்கு 2023இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது, வேறு பெரிய வேலைகளுக்கும் சேர்த்து. எனக்கு அந்தக் கம்பளம்தான் மனதில் நிற்கிறது. கேட்பதற்கென்று பிறந்த ஒரு சொல்லை அதன் வேலையைச் செய்யவைக்க இவ்வளவு பாடு.

ஹட்டனில் நடந்ததற்குக் கம்பளமும் இல்லை, திரையும் இல்லை. எங்கள் பாடசாலையிலிருந்து போன பிள்ளைகளோடு நானும் போனேன். விடியக்காலை பஸ், பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் இருட்டோடு வந்திருந்தார்கள். ரொட்டியும் சம்பலும் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்த தாய்மார் மண்டபத்துக்கு வெளியே மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். உள்ளே ஒவ்வொரு பிள்ளைக்கும் பல்லவி முடியக்கூட நேரமில்லை. பிள்ளை வாசலில் நுழையும்போதே மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையிலிருந்து கால் வரை பார்த்து ஏதோ எழுதிவிட்டார், அதற்குப் பிறகுதான் "ம், பாடுங்க." ஒரு நடுவர் பாட்டு நடக்கும்போது கைத்தொலைபேசியில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். தெரிவானவர்களில் நன்றாகப் பாடியவர்களும் இருந்தார்கள், பொய் சொல்லக்கூடாது. தெரிவாகாததற்காகவும் நான் கோபப்படவில்லை. ஒரு பிள்ளையைக் கேட்பதாகச் சொல்லி வரவழைத்துவிட்டுக் கேட்காமல் அனுப்புவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் பாடசாலையில் நான் இப்போது செய்வது இது. வாசிப்புச் சுற்றில் மண்டபத்தின் கடைசியில், மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவேன். பிள்ளைகள் மேடைக்கு வந்து பெயர் சொல்லாமல் ஒரு துண்டு வசனம் பேச வேண்டும். மைக் கிடையாது. தகரக் கூரை, மழை பெய்தால் பரீட்சை இன்னும் நல்ல பரீட்சை. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன் என்பது உண்மைதான், சின்னப் பாடசாலை. ஆனாலும் ஆளைப் பார்க்காதபோது வேறு விஷயங்கள் கேட்கின்றன. யார் மூச்சு எங்கே முறிகிறது, யார் வசனத்தை விளங்கிச் சொல்கிறாள், யார் தொலைக்காட்சி நடிகையைப்போலச் சொல்ல முயல்கிறாள். ராஜா வேஷத்துக்கு எல்லாரும் ஒருவனைக் கைகாட்டியிருந்தார்கள், நெடுவல், மீசை அரும்பியவன். முதுகைத் திருப்பிக் கேட்டதில் ராஜாவின் குரல் வேறொருவனிடம் இருந்தது, குள்ளன், வாய் திறக்காத பிள்ளை. மாலை, கிரீடம் எல்லாம் பெரிதாய்ப் போனதால் ஊசி நூலோடு குந்தினோம்.

முதுகைக் காட்டுவது எல்லாவற்றுக்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாடகம் கண்ணுக்கும் சேர்த்துத்தான். வசனமே இல்லாத வேஷத்துக்கு, தப்படிக்கு ஆடுகிற வேஷத்துக்கு, திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும். அங்கே தரம் எட்டுக்காரன் சொன்ன பொருள்தான் சரி, ஆடிக் காட்டினால்தான் ஆடிஷன். நடனக் குழுக்களும் இதே பெயரில்தான் ஆள் எடுக்கின்றன. சொல் காதை விட்டு எப்போதோ இறங்கிப் போய்விட்டது.

இந்த முறை அப்பா காலத்து ரதி ஒப்பாரியை வைத்து ஒரு சின்ன நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மடகொம்பரை தோட்டத்தில் பிறந்து 1947இல் தலவாக்கலைத் தொகுதி உறுப்பினராகப் பாராளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டு எழுதி வைத்த நாட்டார் பாட்டுகள் கைவசம் இருக்கின்றன. எனக்கு வேண்டியது எங்கள் பக்கத்து இராகம். அப்பாவுக்கு நடுவில் சில அடிகள் விட்டுப்போய்விட்டன. காமன் எரிந்த பிறகு ரதி சிவனைப் பார்த்துக் கேட்கும் இடம், "தாலி" என்று தொடங்கும் அடிக்கு அடுத்தது. நோர்வூட், மஸ்கெலியா, டயகம பக்கம் யார் வீட்டிலாவது பழைய கூத்தாடி இருந்தால், பாடச் சொல்லிப் பதிவு பண்ணி அனுப்புங்கள். இருமல் நடுவில் வந்தாலும் வெட்டாமல் முழுதாக அனுப்புங்கள்.